ஜப்பானிய ஊமைப்படம் வேகமாக ஓடுகிறது, குறைத்தால் வெட்டி வெட்டிப் போகிறது: உதவி தேவை

நிழல்நாடா:
எங்கள் திரைப்படக் கழகத்தில் கினுகாசா இயக்கிய 'குருத்தா இப்பேஜி' (1926) போடப் போகிறோம். கையில் உள்ள கோப்பு 59 நிமிடம், நொடிக்கு 24 பிரேம், இசையும் உண்டு. தாழ்வாரத்தில் சும்மா நடப்பவர்கள்கூட ஓடுவதுபோல் தெரிகிறது. விஎல்சி என்ற படம் ஓட்டும் செயலியில் வேகத்தை 0.75 ஆக்கினால் நடை சரியாகிறது. ஆனால் இசை இழுக்கிறது, கேமரா நகரும் காட்சிகளில் படம் வெட்டுகிறது. எது சரியான வேகம்?

பழைய ரீல்:
இசை இருக்கிறது என்றீர்களே, அதில்தான் காரணம் இருக்கிறது. தொலைந்துபோனதாக நினைத்திருந்த படத்தை 1971-இல் கினுகாசாவே கண்டெடுத்து, இசை சேர்த்து மறுபடி வெளியிட்டார். ஒலித்தடம் (பிலிமின் ஓரத்தில் ஒலி பதியும் பட்டை) வந்துவிட்டால் 24 பிரேமில்தான் ஓட்ட முடியும். அதனால் 59 நிமிடம். அதே படத்தை 18-இல் (நீங்கள் வைத்த 0.75 வேகம் அதுதான்) ஓட்டினால் ஏறக்குறைய 79 நிமிடம் வரும்.

முதலில் ஒரு சோதனை. படத்தை நிறுத்திவிட்டு பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். மூன்று பிரேமுக்கு ஒருமுறை ஒரே படம் இரண்டு தடவை வந்தால், யாரோ ஏற்கெனவே 18-ஐ 24 ஆக மாற்றிய கோப்பு அது. அதை இன்னும் குறைக்கக் கூடாது. 59 நிமிடம் என்பதால் அப்படி இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

நிழல்நாடா:
பார்த்தேன் அண்ணா, எதுவும் இரட்டிக்கவில்லை. அப்படியானால் வெட்டுவது ஏன்?

பழைய ரீல்:
உங்கள் புரொஜெக்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படம் காட்டும் என்றால் 18 அதற்குள் சரியாக வகுபடாது. இரண்டு பிரேம் மூன்று மூன்று முறை, அடுத்தது நான்கு முறை என்று மாறி மாறி நிற்கும், கண்ணுக்கு அது வெட்டாகத் தெரியும். இரண்டு வழி: 72 ஹெர்ட்ஸ் வருமானால் 18 பிரேம் ஒவ்வொன்றும் நான்கு முறை. வராவிட்டால் 60-லேயே 20 பிரேம் வையுங்கள், ஒவ்வொன்றும் மூன்று முறை. படம் 71 நிமிடத்தில் முடியும். ஒலியை அணைத்துவிடுங்கள், அந்த இசை 24-க்காகச் செய்தது.

பென்ஷி ரசிகை:
'சரியான வேகம்' ஒன்றைத் தேடுவதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கேமராவைக் கையால் சுற்றிய காலம். சுற்றுக்கு 8 பிரேம், நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16. ஆனால் காட்சிக்குக் காட்சி கை மாறும். வாள் சண்டையை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுப்பார்கள், திரையில் பறக்க வேண்டும் என்று.

ஜப்பானில் இன்னொன்றும் உண்டு. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷி. அவர் பேச்சுக்கு ஏற்ப புரொஜெக்டர் ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். இந்தப் படத்தில் வசனம் எழுதிக் காட்டும் எழுத்து அட்டையே கிடையாது, தோக்கியோவில் தொக்குகாவா முசேய் என்ற பென்ஷி குரல் கொடுத்துத்தான் மக்கள் பார்த்தார்கள். ஆகவே அட்டையை வாசிக்கும் நேரத்தை வைத்து வேகத்தைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. நடை, மழை, உடையின் அசைவு இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லா ஜப்பானிய ஊமைப்படத்தையும் இப்படிக் குறைத்துவிடாதீர்கள். பேசும் படம் 1931-இல் வந்த பிறகும் அங்கே ஊமைப்படம் எடுத்தார்கள். இயக்குநர் ஒசுவின் 1932 படம் 'உமாரேதே வா மிதா கெரெதோ' 24-இல் 90 நிமிடம், நடை இயல்பாகவே இருக்கும். 18 ஆக்கினால் இரண்டு மணி நேரம் இழுக்கும்.

நிழல்நாடா:
20-இல் ஓட்டிப் பார்த்தேன். வெட்டு இல்லை, தாழ்வார நடையும் சரி. தொடக்கத்து மழைக் காட்சியின் துண்டு துண்டான வேகமும் கெடவில்லை. 18-இல் அது தொய்ந்துவிட்டது. 20-ஐயே வைத்துக்கொள்கிறோம். இன்னொரு சந்தேகம்: படத்தின் ஒரு ஓரம் குறைந்ததுபோல் தெரிகிறதே?

பழைய ரீல்:
ஊமைப்படத்தில் பிரேம் பிலிமின் முழு அகலத்துக்கும் இருக்கும். ஒலித்தடத்துக்கு இடம் விட்டு அச்சடிக்கும்போது ஓரம் போய்விடும். இந்தக் கோப்பில் அது திரும்பாது, முழு பிரேம் உள்ள வேறு பிரதி கிடைத்தால்தான் உண்டு.