ஐந்து வாரமாக 71 கிலோ, டெய்லர் அக்கா நோட்டில் வேறு கணக்கு

தக்கலை டீச்சர்:

ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் 74 கிலோ, வயது 43. எடையைக் குறைக்க மதியம் சோற்றைப் பாதியாக்கினேன். சாளை, நெத்திலி, பயறு என்று எதையாவது கூட்டிக்கொண்டேன். சாயங்காலம் நடை. முதல் மாதம் 3 கிலோ இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. 71.2, 70.9, 71.6, 71.1 என்று ஐந்து வாரம் அங்கேயே கிடந்தது. காலையில் பல் தேய்க்கும் முன்னே மெஷினில் ஏறிவிடுவேன். நம்பர் கூடியிருந்தால் அன்றைக்கு வீட்டில் உள்ளவர்கள் பாடு கஷ்டம்; ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாடும்தான்.

ஓணத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போனேன். டெய்லர் அக்காவிடம் ஒரு நீள நோட்டு உண்டு, அதில் என் பழைய அளவு ஏப்ரல் மாதக் கல்யாணத்துக்கு எழுதியது. டேப்பைச் சுற்றினார், நோட்டைப் பார்த்தார், மறுபடியும் சுற்றினார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எழுதாமல் நின்றார்.

"டீச்சரே, இதுல இடுப்பு 36ன்னு கெடக்கு. இப்ப முப்பத்திமூணரைதான் வருது. கையும் முக்கால் இஞ்ச் குறையுது. அன்னைக்கு நான்தான் தப்பா எழுதிட்டேனா?"

நான் சாப்பாட்டைக் குறைத்ததே அவருக்குத் தெரியாது. பாவம், தன் நோட்டைச் சந்தேகப்படுகிறார்! எனக்கு அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

வரும் வழியிலேயே 20 ரூபாய்க்கு ஒரு டேப் வாங்கினேன். ஞாயிறு காலை, வெறும் வயிறு, மூச்சை இயல்பாக விட்டபின், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றுகிறேன். வயிற்றை எக்கக் கூடாது (முதல் நாள் எக்கினேன், ஒத்துக்கொள்கிறேன்). முதல் ஞாயிறு 88 செ.மீ., இப்போது 86. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இன்னும் தூரம் இருக்கிறது. மெஷின் நம்பர் நின்றாலும் உடம்பு மெலிகிறது என்று உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது, எழுதுங்கள்.

வடசேரிக்காரன்:

எனக்கு இது போளியால் வந்த பாடம். சொந்தக்காரர் கல்யாணம், இலையில் போளியைப் பிய்த்துப் போட்டுப் பால் பாயசம் ஊற்றினார்கள். விட முடியுமா? மறுநாள் காலை 1.8 கிலோ கூடுதல். எல்லாம் போச்சு என்று விட்டுவிடப் பார்த்தேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு ஏறச் சுமார் 7700 கலோரி மிஞ்ச வேண்டும். 1.8 கிலோ என்றால் கிட்டத்தட்ட 14,000. பந்தி பந்தியாக உட்கார்ந்தாலும் ஒருநாளில் அது நடக்காது. மாவுச்சத்து கிளைகோஜனாக (உடம்பு சேமித்துவைக்கும் சர்க்கரை) சேரும்போது ஒரு கிராமுக்கு 3 கிராம் போலத் தண்ணீரையும் பிடித்துவைக்கும். அப்பளம், ஊறுகாய் உப்பு வேறு. நாலாம் நாள் மெஷின் பழைய இடத்துக்கே வந்தது. இப்போது தினமும் எடை பார்த்தாலும் ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அதை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடுகிறேன்.

இன்னொன்று. கடைக்கு வருபவர்களெல்லாம் "என்ன மக்கா, சுகர் வந்திடிச்சா, இப்படி வாடிட்ட?" என்கிறார்கள். எரிச்சல்தான், ஆனாலும் பரிசோதித்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.2 சதவீதத்தில் இருந்து 5.6க்கு இறங்கியிருந்தது. நான் முயன்று மெலிந்தவன். முயலாமலே மெலிந்து, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

குளச்சல் அக்கா:

மாதவிடாய்க்கு முந்தின வாரம் எனக்கு ஒன்றரை கிலோ ஏறும், பிறகு இறங்கும். அதனால் போன மாதம் அதே நாளில் எவ்வளவு என்றுதான் பார்ப்பேன். கருவாட்டுக் குழம்பு வைத்த மறுநாள் மெஷின் பக்கமே போவதில்லை.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினும் வாங்கினேன். கால் வழியே சின்ன மின்சாரம் விட்டு ஊகிக்கிறதாம். உடம்பில் தண்ணீர் அளவு மாறினால் அதுவும் மாறுகிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இப்போது என் மகன் அதன் மேல் நின்று விளையாடுகிறான்.

கொட்டாரம்:

எனக்கு மருந்துவாழ்மலைதான் மெஷின். ஜனவரியில் முதல்முறை ஏறியபோது நாலு இடத்தில் உட்கார்ந்தேன். படி முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் ஒரு பாட்டி பூக்கூடையோடு என்னைத் தாண்டிப் போனார், மூச்சுகூட வாங்கவில்லை. நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். மாதம் ஒருமுறை அதே வழியில், அதே நேரத்தில் ஏறுகிறேன். போன வாரம் 50 நிமிடம், ஒரே இடத்தில்தான் நின்றேன். அதுவும் கடலைப் பார்க்க. எடை குறைந்தது 4 கிலோதான். ஆனால் பேண்டுக்கு பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டாயிற்று, படுக்கையில் எண்ணும் நாடித்துடிப்பு 84ல் இருந்து 70க்கு வந்திருக்கிறது. பாட்டியை இன்னும் முந்தவில்லை.

தக்கலை டீச்சர்:

இன்று ஜாக்கெட் வாங்கி வந்தேன். கச்சிதமாக இருக்கிறது. பில்லைக் கொடுக்கும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டிருக்கேன் டீச்சரே. எதுக்கும் கெடக்கட்டும்."