அசேலியா: இலை மஞ்சள், பூவும் இல்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

செடிப்பித்து:
வணக்கம். பசுமைமாறா அசேலியா இரண்டு செடி நட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒன்று வீட்டுச் சுவரை ஒட்டி நல்ல வெயிலில், இன்னொன்று மரத்தடியில். நட்ட வருடம் இலையே தெரியாமல் பூத்தது, பார்த்தவர்கள் எல்லாம் பிளாஸ்டிக் பூவா என்று தொட்டுப் பார்த்தார்கள். இந்த வருடம் சுவரோரச் செடியில் எண்ணி ஏழு பூ. மரத்தடிச் செடியில் அடிக்கிளைகளில் மட்டும் கொஞ்சம், மேலே ஒன்றுமில்லை.

சுவரோரச் செடியின் புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சள். சத்துக் குறைவாக இருக்கும் என்று கலப்பு உரம் இரண்டு தடவை போட்டேன், இன்னும் மோசமானதுதான் மிச்சம். மாதம் ஒருமுறை அடியில் கொத்திவிடுகிறேன், குளிர் தொடங்கும் முன் பந்து மாதிரி அழகாகக் கவாத்தும் செய்துவிடுகிறேன். இவ்வளவு பார்த்தும் இப்படி. அதோடு குளிர் வரும்போது பாதி இலை கொட்டுகிறது, பசுமைமாறா வகை என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்?

மண்புழு:
கவாத்து செய்த மாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், பூ போனது அங்கேதான். அசேலியா அடுத்த வருடத்து மொட்டை இந்த வருடக் கோடையிலேயே கிளை நுனியில் கட்டிவிடும். அது குளிர் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்து பிறகு மலரும். நீங்கள் குளிருக்கு முன் பந்து பிடிக்கிறேன் என்று நுனியை எல்லாம் சீவினால் மொட்டையும் சேர்த்துத்தான் சீவுகிறீர்கள். கத்தரி எட்டாத அடிக்கிளையில் மட்டும் பூ வந்திருக்கிறது பாருங்கள், அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பூத்து முடிந்து மூன்று நான்கு வாரத்துக்குள் வெட்டிவிடுங்கள், அதற்கப்புறம் தொடாதீர்கள். வேலி வெட்டும் பெரிய கத்தரி வேண்டாம், கைக்கத்தரியால் நீண்டு போன கிளையை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளி வெட்டினால் செடி இயல்பான உருவத்திலேயே இருக்கும். பந்து வடிவம் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். வெட்டிய கிளையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ மட்டும் போட்டுவிடாதீர்கள், இலையில் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது, கொஞ்சம் தின்றாலே படுத்துவிடும். நாய் மெல்லும் வீடாக இருந்தாலும் கவனம்.

இலை கொட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். இந்த வகைக்கு இரண்டு தலைமுறை இலை உண்டு. இளவேனிலில் வருவது பெரிதாக, மெல்லியதாக இருக்கும், அது குளிருக்கு முன் மஞ்சளாகி உதிரும். கோடையில் நுனியில் வரும் சின்ன, தடித்த இலைதான் குளிர் முழுக்க நிற்கும். நுனி இலையும் கொட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

கருங்கல்:
மஞ்சள் இலைக்கு என் பதில்: சுவர். சிமெண்டும் சுண்ணாம்பும் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அடிமண்ணில் இறங்கும், கட்டியபோது கொட்டிய காரைத் துண்டுகள் வேறு உள்ளே புதைந்து கிடக்கும். அசேலியாவுக்கு பி.எச். (மண்ணின் புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு, 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 4.5 முதல் 6 வரை இருக்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும். மண் காரமானால் இரும்புச்சத்து எவ்வளவு இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் முதலில் புது இலையில் என்றால் பெரும்பாலும் இரும்பு கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். கலப்பு உரத்திலிருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுக்கு மிஞ்சினால் இரும்பை இன்னும் கட்டிப்போடும், அதனால்தான் உரம் போட்டும் மோசமானது.

இன்னொன்று, கொத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். இதற்கு ஆணிவேர் கிடையாது, முடி மாதிரி சல்லிவேர்தான், பெரும்பகுதி மேல்மண்ணில் ஓர் அடிக்குள் இருக்கும். நீங்கள் களை என்று கொத்துவது அதன் சாப்பாட்டு வாயை. களையைக் கையால் பிடுங்கிவிட்டு, பைன் பட்டையோ இலைச்சருகோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல் கொஞ்சம் இடம் விட்டு.

இலைச்சருகு:
காபிச்சக்கை போடலாமே? வினிகர் கலந்த தண்ணீரும் ஊற்றுகிறார்கள்.

கருங்கல்:
காபியின் புளிப்பு பெரும்பாலும் டம்ளரோடு போய்விடும், மிஞ்சும் சக்கை ஏறக்குறைய நடுநிலைதான். மட்கோடு கலந்து கொஞ்சம் போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் பி.எச். இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வினிகர் சில நாளில் கரைந்து போகும், அதிகமானால் வேர் கருகும். ஹைட்ரேஞ்சியாவை நீலமாக்கப் போடும் அலுமினியம் சல்பேட்டையும் தவிர்ப்பது நல்லது, அலுமினியம் சேரச் சேர இந்த வேருக்கு ஆகாது. சரியான மருந்து கந்தகத்தூள். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். எதைப் போடுவதற்கு முன்னும் மண்ணைச் சோதியுங்கள்.

செடிப்பித்து:
சோதித்துவிட்டேன். சுவரோரம் 7.6, மரத்தடி 5.8! வாயடைத்துப் போனேன். கந்தகம் போடவா, செடியை இடம் மாற்றவா? அப்புறம் இன்னொரு சந்தேகம்: சுவரோரச் செடியில் பழைய இலைகளின் மேல்பக்கம் ஊசியால் குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள், திருப்பினால் அடியில் கருப்புப் பிசுக்குப் புள்ளி. இதுவும் இரும்புக்குறையா?

மண்புழு:
இல்லை, அது லேஸ் பூச்சி. கண்ணாடி மாதிரி சிறகோடு மிகச் சின்னதாக இருக்கும், இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், கருப்புப் புள்ளி அதன் எச்சம். முட்டையை அடிப்பக்கம் நடுநரம்பை ஒட்டி இலைக்குள்ளேயே செருகி வைக்கும், குளிரை முட்டையாகவே கழித்துவிட்டு இளவேனிலில் பொரிக்கும். அந்தச் சமயத்தில் குஞ்சுகள் தெரிந்ததும் பூச்சிக்கொல்லி சோப்போ தோட்ட எண்ணெயோ அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், மேலே தெளித்துவிட்டு வந்தால் வீண்வேலை. நாள் முழுக்க வெயிலில் நிற்கும் செடியைத்தான் இது அதிகம் பிடிக்கும்.

கருங்கல்:
7.6 என்றால் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றுங்கள். நீங்கள் கந்தகம் போடப் போட சுவர் சுண்ணாம்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வேர் ஆழமில்லாததால் இந்தச் செடியைப் பெயர்ப்பது சுலபம், ஆழமாகத் தோண்டாமல் அகலமாகத் தோண்டி மண்ணோடு தூக்குங்கள். வெயில் தணிந்த பருவத்தில் செய்யுங்கள். புதுக் குழியில் வேர்க்கட்டி தரையைவிட 3 முதல் 5 செ.மீ. மேலே நிற்கட்டும், தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வந்து செடி வாடிவிடும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. அதுவரை மஞ்சளுக்கு கீலேட் இரும்பு (செடி எடுத்துக்கொள்ளும்படி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) கொடுங்கள். வாங்கும்போது ஈ.டி.டி.எச்.ஏ. வகையா என்று பாருங்கள், ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிற்காது. அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) அந்த மண்ணில் சீக்கிரம் பயனற்றுப் போகும்.

செடிப்பித்து:
இரண்டையும் ஒரே மரத்தடியில் வைத்துவிடுகிறேன். கத்தரியை இப்போதே எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.

மண்புழு:
அது என்ன மரம்? பைன், ஓக் மாதிரி வேர் ஆழமாகப் போகும் மரம் என்றால் பிரச்சினை இல்லை. மேப்பிள் போல மேல்மண்ணிலேயே வேர் பரப்பும் மரமாக இருந்தால் தண்ணீரை முழுக்க அது உறிஞ்சிவிடும், தண்டிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு கோடைக்கு மூடாக்கை விலக்கி விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள், மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதையே ஊற்றுங்கள்.