இத்தனை ஊக்கமருந்து டெஸ்ட்ல சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் எப்படித் தப்பிச்சார்?

வேகமிதி:
1999லேர்ந்து 2005 வரைக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியை ஏழு தடவை ஜெயிச்சார், பின்னாடி அத்தனை பட்டமும் போச்சு. ஓட்டுற காலத்துல ஏன் பிடிக்க முடியல?

கலா_லேப்:
1999லயே சிறுநீர்ல கார்ட்டிகோஸ்டீராய்டுங்கிற வீக்கம் குறைக்கிற மருந்து தெரிஞ்சுது. சீட் உரசின புண்ணுக்குப் போட்ட களிம்புன்னு, முன்தேதியிட்ட மருந்துச் சீட்டைக் காட்டி முடிச்சுட்டாங்க.

சிவப்பணுவைக் கூட்டுற ஹார்மோன் மருந்தான ஈ.பி.ஓ.வுக்கு டெஸ்ட் வந்ததே 2000லதான். அதுவரைக்கும் ஹீமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு, 50 சதவீதம் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் தடை. கூடினா சலைன் ஏத்தி இறக்குவாங்க. டெஸ்ட் வந்தப்புறம் கொஞ்சூண்டு மருந்தை நேரா நரம்புல போட்டாங்க, தடயம் சீக்கிரம் மறைஞ்சிடும். தன் ரத்தத்தையே எடுத்து வெச்சுத் திரும்ப ஏத்திக்கிட்டா, அதைப் பிடிக்கிற டெஸ்ட்டே அப்போ இல்லை.

2008ல உலக சைக்கிள் அமைப்பான யூ.சி.ஐ. பயாலஜிக்கல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்துச்சு, அதாவது ஒவ்வொரு வீரரோட ரத்த அளவுகளையும் தொடர்ந்து பதிஞ்சு வெச்சு ஒப்பிடுற முறை. ரெட்டிகுலோசைட், அதாவது புதுச் சிவப்பணு எண்ணுறது என் வேலைங்கிறதால இது எனக்கு நல்லாப் புரியும். ரத்தத்துல நியூ மெத்திலீன் ப்ளூங்கிற சாயம் கலந்து ஸ்லைடு போட்டுப் பார்த்தா, புதுசாப் பிறந்த சிவப்பணுவுக்குள்ள மட்டும் நீல இழை வலை மாதிரி தெரியும். நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். வெளியிலேர்ந்து ரத்தம் ஏறினா எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைச்சிடும். ஹீமோகுளோபின் உச்சத்துல நிக்கும், புது அணுவைத் தேடணும். மருந்தே சிக்காட்டியும் இந்த முரண் காட்டிக்கொடுக்கும்.

வேகமிதி:
அப்போ பாஸ்போர்ட்லதான் மாட்டினாரா?

கலா_லேப்:
இல்லைங்க, கூட இருந்தவங்க பேசினதால. 2012ல அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 26 பேர் சாட்சியத்தை வெளியிட்டுச்சு. அதுல 11 பேர் அவர் அணியிலேயே ஓட்டினவங்க.

ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே பேசின ஆளை மறந்துடாதீங்க. பிரெஞ்சு சைக்கிள் வீரர் கிறிஸ்டோஃப் பாசோன்ஸ். 1998ல ஃபெஸ்டினா அணியோட கார் பிரான்ஸ் எல்லையில மருந்தோட பிடிபட்டுச்சே, அந்த அணியில ஊசியைத் தொடாதவர். 1999 டூர்ல ஊக்கமருந்து பத்திப் பத்திரிகையில எழுதினார். ஆல்ப் துவேஸ் மலைக்குப் போற நாள்ல ஆம்ஸ்ட்ராங்கே பக்கத்துல வந்து, வீட்டுக்குப் போயிடுன்னார். சக வீரர்கள் ஒதுக்கினாங்க. சில நாள்ல போட்டியை விட்டே போயிட்டார். அவரை அன்னிக்கு யாராவது காப்பாத்தியிருந்தா அந்த ஏழு வருஷக் கதையே நடந்திருக்காது. எனக்கு இது இன்னும் ஆறல.

மலைரோடு:
பாஸ்போர்ட்டையும் ஏமாத்தலாம் மேடம். சின்னச் சின்ன டோஸா போட்டா வரம்புக்குள்ளயே நிக்கும்.

கலா_லேப்:
உண்மைதான், அந்த ஓட்டை இருக்கு. ஆனா அளவைப் பாருங்க. அந்தக் காலத்துல ஹீமாட்டோக்ரிட் இயல்பா 41 இருக்கிறவர் 49 வரைக்கும் ஏத்திக்கலாம், ஒருத்தரும் கேட்க முடியாது. இன்னிக்கு ஒப்பிடுறது அவரோட சொந்தப் பழைய ரத்தத்தோட. அந்த எட்டு புள்ளி தாவல் தப்பவே தப்பாது.