ஸ்பிட்ஃபயரா, மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஆ? அட்டவணையில் எந்த எண்ணைப் போடுவது?

வான்பித்தன்:
1940 பிரிட்டன் வான்போரில் மோதிய பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் மார்க் 1, ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109இ போர்விமானங்கள் இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை போடுகிறேன். கைப்பற்றிய 109-ஐ ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்த பிரிட்டிஷார், 12,000 அடியில் உயரம் இழக்காமல் திரும்பும் ஆரம் ஸ்பிட்ஃபயருக்கு 696 அடி, 109-க்கு 885 அடி என்கிறார்கள். பிடிபட்ட ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்த்த ஜெர்மானியர்களோ தங்கள் விமானமே மேல் என்கிறார்கள். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? முடுக்கத்துக்கு எதை வைத்துக் கணக்கிடுவது?

சுழல்காற்று:
திரும்புவதில் சண்டையே இல்லை. எதிரி விமானங்களின் வட்டம் சிறியது என்று ஜெர்மானியரின் ரெக்லின் சோதனைக்கள அறிக்கையும் ஒப்புக்கொள்கிறது. ஸ்பிட்ஃபயரின் இறக்கைப் பரப்பு 22 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 109-க்கு 16 சொச்சம். எடையை வகுத்துப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு ஸ்பிட்ஃபயர் 125 கிலோ சுமக்கிறது, 109 155-ஐத் தாண்டுகிறது. சுமை குறைந்த இறக்கை இறுக்கமாகத் திரும்பும்.

வில்லங்கம் முடுக்கத்தில்தான். ஜெர்மானியர் கையில் கிடைத்த ஸ்பிட்ஃபயரில் இருந்தது, இலைகளின் கோணத்தை இரண்டே நிலைகளில் வைக்க முடிகிற பழைய புரொப்பெல்லர். 1940 ஜூன் முதல் புரொப்பெல்லர் செய்யும் டி ஹாவிலண்ட் நிறுவனத்து ஆட்கள் விமானத்தளம் விமானத்தளமாகப் போய், சுழற்சி வேகத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் அமைப்பைப் பொருத்தினார்கள். கூடவே 100 ஆக்டேன் பெட்ரோலும் வந்தது. அதனால் ஸ்பிட்ஃபயரின் 1,030 குதிரைத்திறன் மெர்லின் எஞ்சின், அவசரத்துக்கு 9,000 அடியில் 1,310 வரை கொடுத்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. பழைய கணக்கில் எடைக்கேற்ற திறனில் 109 முந்தும், புதிய கணக்கில் பிந்தும். விமானத்தின் பெயர் மட்டும் போட்டு மாதத்தைப் போடாத அட்டவணையை நான் நம்பவே மாட்டேன்.

வான்பித்தன்:
அப்படியானால் ஸ்பிட்ஃபயரை வளைத்துப் பிடித்ததாகச் சில ஜெர்மன் விமானிகள் சொன்னது வெறும் வீம்பா?

மேகநாதன்:
வீம்பு என்று ஒதுக்க வேண்டாம். 109-இன் இறக்கை முன்விளிம்பில் தானாகத் திறக்கும் தகடுகள் உண்டு. இறுக்கித் திருப்பும்போது அவை திறந்துகொண்டு விமானம் உதறும், குறி தவறும். புதியவன் பயந்து பிடியைத் தளர்த்துவான். பழகியவன் அதற்கு மேலும் இழுப்பான். ஆரம் 885 அடி என்பது விமானத்தின் எல்லை, விமானியின் எல்லை வேறு.

இன்னொன்றையும் அட்டவணையில் சேருங்கள். 109-இல் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும். மெர்லினில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும், மிதவை வைத்த கார்புரேட்டர். 109 மூக்கைச் சட்டென்று கீழே தள்ளிப் பாய்ந்தால், அதேபோல் செய்யும் ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் மேலே எற்றப்பட்டு எஞ்சின் இருமும். விமானத்தைக் கவிழ்த்துப் போட்டு இழுத்தால் இருமாது, ஆனால் அதற்குள் 109 தூரம் போய்விடும். 1941-இல் பீயாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், நடுவில் துளையிட்ட சின்னஞ்சிறு உலோக வளையம் ஒன்றை எரிபொருள் பாதையில் வைத்து இதைப் பெரும்பாலும் அடக்கினார். நீங்கள் போடுவது 1940 அட்டவணை. அந்த வளையத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.