கார்ன் ஸ்நேக் எந்நேரமும் பசியோடு நிற்கிறது, இன்னும் இரை கொடுக்கலாமா?

மக்காவின் அம்மா:
வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று போன வருடம் ஒரு கார்ன் ஸ்நேக் குட்டி வாங்கினோம். மக்காச்சோளத்தில் பாதியை எடுத்து 'மக்கா' என்று பெயர் வைத்தாள். இப்போது 14 மாதம், 112 கிராம். வாரம் ஒரு முறை 10 கிராம் உறைந்த சுண்டெலி ஒன்றை உருகவைத்து, வெந்நீரில் சூடாக்கிக் கொடுக்கிறேன்.

மூன்று வாரமாக அவன் பசி அடங்கவே மாட்டேன் என்கிறது. சாயங்காலமானால் கண்ணாடியோரம் வந்து தலையைத் தூக்கி நிற்கிறான், நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறான். விழுங்கிய இரை வயிற்றில் மேடாகத் தெரியும்போதே மறுநாளும் அப்படித்தான். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். "வாயில்லா ஜீவன், பசிக்குதுன்னு வேற எப்படிம்மா சொல்லும்?" என்றார். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஞாயிறு கொடுத்தது போக, செவ்வாய் இன்னொன்று கொடுத்தேன். வியாழன் காலை அதைக் கக்கிவிட்டான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றும் வந்து நிற்கிறான். கொடுக்கவா, வேண்டாமா?

சாரைப் பிரியன்:
வேண்டாம் சகோதரி. கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வெளியே போய்விடும், உணவுக்குழாயும் புண்பட்டிருக்கும். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் வயிற்றைக் காயப் போடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். அப்புறம் பாதி அளவு, அதாவது 5 கிராம். அது தங்கினால்தான் பழைய அளவு. மறுபடியும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அவன் நிற்பதைப் பார்த்துப் பசியை முடிவு செய்யாதீர்கள், உடம்பைப் பாருங்கள். அடுத்த எலி என்றைக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் காட்டில் வாழ்ந்த இனம் அது, கண்ணில் பட்டதை விழுங்கிக்கொள்ளும். எடையில் பத்தில் ஒரு பங்கு, வாரம் ஒரு முறை, நீங்கள் கொடுத்தது சரியான கணக்கு. என்னிடம் இருப்பவளுக்கு 9 வயது. முதல் மூன்று வருடம் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கொழுப்பு புடைத்து, செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தது. அதை இறக்க ஒன்றரை வருடம் பாடுபட்டேன்.

ஓடைக்கரை:
மூன்று வாரமாகத்தான் என்கிறீர்களே, அதற்கு முன்பு இப்படி இல்லையா? அப்படியென்றால் நான் முதலில் சூட்டைத்தான் பார்ப்பேன். சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 25 வரை. ஹீட் மேட்டுக்கு, அதாவது தொட்டிக்கு அடியில் சூடு தரும் விரிப்புக்கு நேர் மேலே, பாம்பு படுக்கும் தரையிலேயே அளக்க வேண்டும். சுவரில் ஒட்டிய மானி காற்றின் சூட்டைத்தான் காட்டும். தரை ரொம்பச் சுட்டால் பாம்பு ஓரிடத்தில் அடங்காது, விழுங்கியதும் தங்காது.

மக்காவின் அம்மா:
அளந்து பார்த்தேன் அண்ணா. 37! மேட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் அளக்கும் முனை நழுவி, மறுபக்கம் தண்ணீர்க் கிண்ணத்தடியில் கிடக்கிறது. அங்கே குளிர்ச்சியாக இருப்பதால் மேட்டை அணைக்காமலே விட்டிருக்கிறது. மூன்று வாரம் முன்பு அவன் சட்டை உரித்தபோது எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்தோம், அப்போது நழுவியிருக்கும். பாவம், சுட்டுச் சுட்டு ஒதுங்கி வந்தவனைப் பசி என்று நினைத்துவிட்டோம். முனையை டேப் போட்டு ஒட்டிவிடவா?

ஓடைக்கரை:
தொட்டிக்குள் டேப் கூடவே கூடாது. செதிலில் ஒட்டினால் தோலோடு பிய்ந்து வரும். ஹீட் மேட் வெளியேதான் ஒட்டியிருக்கும், முனையை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி வெளிப்பக்கம் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி தரையில் அளந்து பாருங்கள்.

மக்காவின் அம்மா:
இப்போது 30ல் நிற்கிறது. 12 நாள் கழித்து 5 கிராம் எலிக்குட்டி ஒன்று கொடுத்தேன், கக்கவில்லை. நான்காம் நாள் கழிவும் போட்டுவிட்டான். அத்தைதான் முதலில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சாயங்காலம் கண்ணாடியோரம் வருவது நின்றுவிட்டது, சூடான பக்கத்து மறைவிடத்தில் சுருண்டு படுத்திருக்கிறான்.