64 பேர் உள்ள கவுண்டியில் நிர்வாகம் எப்படி நடக்கிறது?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள லவிங் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி) 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 64 பேர்தான். பரப்போ சுமார் 1,750 சதுர கி.மீ. அங்கே யார் எந்த வேலையைப் பார்க்கிறார்கள்? வாக்காளர் பட்டியலில் மட்டும் 64-க்கு மேல் பெயர்கள் எப்படி?

பதில் 1: தலைநகர் மென்டோன் நகராட்சியே இல்லை, மேயரும் கிடையாது. கவுண்டி நீதிபதியும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்துதான் பட்ஜெட், சாலை, வரிவிகிதம் எல்லாம் முடிவு செய்கிறார்கள். பெயர் நீதிபதி என்றாலும் முக்கியமாக நிர்வாகத் தலைவர். மக்கள்தொகை 10,000-க்குக் குறைந்த டெக்சாஸ் கவுண்டிகளில், தனி அதிகாரி வேண்டும் என்று வாக்காளர்கள் முடிவு செய்யாவிட்டால், ஷெரீஃபே (கவுண்டியின் காவல் தலைவர்) வரி வசூலும் பார்ப்பார். வண்டிப் பதிவு ஸ்டிக்கர் வாங்கவும் அவர் அலுவலகம்தான்.

பதில் 2: பட்டியல் விஷயத்தில் பலர் குழம்புவது இங்கேதான். கணக்கெடுப்பு, ஏப்ரல் 1 அன்று வழக்கமாகத் தங்கும் இடத்தைப் பார்க்கிறது. டெக்சாஸ் தேர்தல் சட்டமோ, தற்காலிகமாக வெளியே போனாலும் திரும்பிவரும் எண்ணமுள்ள நிலையான வீட்டைப் பார்க்கிறது. வேறு ஊரில் வேலை செய்துகொண்டு இங்கே பதிந்திருக்க முடியும். அதனால் உள்ளூர்த் தேர்தலில் 'இவர் இங்கே வசிப்பவரா' என்ற வழக்கு எளிதில் கிளம்பும். சில வாக்குகளே முடிவை மாற்றிவிடும் இடம், ஆகவே இது சின்ன விஷயமல்ல.

பதில் 3: பணம் எங்கிருந்து என்றால், எண்ணெய். இந்தக் கவுண்டி இருக்கும் பெர்மியன் படுகை என்ற எண்ணெய் வளப் பகுதியில் தரைக்கடியில் உள்ள எண்ணெய் உரிமைக்கும் சொத்துவரி உண்டு. முகாம்களில் தங்கும் எண்ணெய்த் தொழிலாளிகளின் வழக்கமான வீடு வேறு ஊரில் இருந்தால் 64-இல் சேரமாட்டார்கள். ஆனால் சாலையைத் தேய்ப்பது அவர்களுடைய லாரிகள்தான். பிள்ளைகள் படிப்பது பக்கத்துக் கவுண்டியின் விங்க் ஊரில்.