ஆசிரியராகவும் நண்பராகவும் இருந்தவரைப் பற்றி எழுதும்போது எதைச் சொல்லலாம், எதை விடலாம்?

கேள்வி: பழைய மாணவன்

அனைவருக்கும் வணக்கம். எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் மூன்று வாரங்களுக்கு முன் காலமானார். அவருடைய மகள் நினைவு மலர் ஒன்றைக் கொண்டுவர இருப்பதாகச் சொல்லி, அதற்கு நான்கு பக்கம் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார். உடனே ஒப்புக்கொண்டுவிட்டேன். மூன்று முறை எழுதிக் கிழித்துப்போட்ட பிறகுதான் இது நடை பற்றிய சிக்கல் அல்ல என்பது புரிந்தது. அதனால் இங்கே கேட்கிறேன்.

முதல் நான்கு ஆண்டுகள் அவர் எனக்கு ஆசிரியர். அதற்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் நண்பர். ஒன்று மற்றொன்றாக எந்த நாளில் மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. கடைசிவரை நான் அவரை 'சார்' என்றுதான் அழைத்தேன், அவரும் என்னை ஒருமையில்தான் அழைத்தார். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசியில் நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் கேட்டவர்கள் ஆசிரியரும் மாணவனும் பேசுவதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

அவர் சிவப்பு மையைத் தொட்டதே இல்லை. விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் 'எப்படி?' என்று மட்டும் எழுதுவார். பகா எண்களுக்கு முடிவில்லை என்னும் யூக்ளிடின் நிறுவலை நான் எழுதிக் கொடுத்தபோது, முதல் சில பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது எப்போதும் பகா எண்ணாகவே இருக்கும் என்று துணிந்து எழுதியிருந்தேன். 3, 7, 31, 211, 2311 என்று ஐந்து முறை சரியாக வந்ததை நம்பி எழுதிய வரி அது. அதன் ஓரத்தில் 'எப்படி?' என்று இருந்தது. அன்று இரவு உட்கார்ந்து அடுத்ததைப் போட்டுப் பார்த்தேன்: 30031. வகுத்துக்கொண்டே போனபோது 59-இல் மீதியின்றி வகுபட்டது, ஈவு 509. மறுநாள் அதைக் காட்டியபோது அவர் பாராட்டவில்லை. "சரி, அப்படியானால் யூக்ளிட் உண்மையில் என்னதான் சொன்னார்?" என்று மட்டும் கேட்டார்.

இதை எழுதுவதில் தயக்கம் இல்லை. தயக்கம் வேறொன்றில். பத்து ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு அவர் என்னிடம் ஒன்றைச் சொன்னார். நான் அவரிடம் சேர்வதற்கு முன்பு, கரும்பலகையில் ஒரு படியைத் தாண்ட முடியாமல் நின்ற மாணவன் ஒருவனைப் பாடவேளை முடியும்வரை அங்கேயே நிறுத்தி வைத்து, வகுப்பே சிரிக்கும்படி பேசியிருக்கிறார். அந்த மாணவன் அதன் பிறகு கணித வகுப்புக்கே வரவில்லை. அவன் பெயரைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

எங்கள் காலத்தில் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவரைக் கரும்பலகைக்கு அழைத்தால், அவர் எழுந்த இடத்தில் தாம் போய் உட்கார்ந்துகொள்வார், அங்கிருந்து, "அந்த வரி எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்று கேட்பார். அதை அவருடைய குறும்பு என்று நினைத்து நாங்கள் சிரித்திருக்கிறோம். மலரில் குறைந்தது நான்கு பேராவது அதை வேடிக்கையாக எழுதுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

அந்த நிகழ்ச்சியை எழுதலாமா? நண்பராகச் சொன்னதை மாணவனாக எழுதுவது துரோகமா? இன்னொரு சிறு தொல்லையும் உண்டு: 'இருக்கிறார்' என்பதை 'இருந்தார்' என்று திருத்தும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பேனா நின்றுவிடுகிறது.

பதில் 1: பிழைதிருத்துபவர்

ஆழ்ந்த இரங்கல்கள். நினைவு மலர்கள் பலவற்றுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன் என்னும் உரிமையில் ஒரு சொல். 'ஓய்வறியா உழைப்பாளி', 'எளிமையின் சிகரம்', 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லா மலர்களிலும் இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குப் போட்டுவிடலாம், ஒருமுறை அச்சகத்தில் அப்படி இரண்டு கட்டுரைகள் இடம் மாறிப்போய், நான் கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. 30031-ஐ இடம் மாற்ற முடியாது. அதிலிருந்து தொடங்குங்கள்.

இரவில் தனியே சொன்னதை எழுதாதீர்கள் என்பதே என் கருத்து. அவர் உயிரோடு இருந்திருந்தால் அனுமதி கேட்டிருப்பீர்கள் அல்லவா? கேட்க முடியாமல் போனதை அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. பெஞ்சில் போய் உட்காரும் பழக்கத்தை மட்டும், காரணம் சொல்லாமல், சிரிப்பும் மூட்டாமல் எழுதிவிடலாம்.

பதில் 2: தமிழாசிரியை

பேனா நிற்கும் இடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது சிறு தொல்லை அல்ல. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235-ஆம் பாட்டில் வரிக்கு வரி 'மன்னே' என்று வருகிறது. 'மன்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் மூன்று பொருள்களுள் முதலாவது கழிவு. அதாவது, அது முன்பு இருந்தது, இப்போது கழிந்துவிட்டது. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே கொடுத்துவிடுவான், அது கழிந்தது. நிறையக் கிடைத்தால் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான், அதுவும் கழிந்தது. நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்கிறார். போர்க்களம் அங்கே ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. கையின் மணமும் தலையின் நாற்றமும்தான் மனத்தில் நிற்கின்றன. உங்கள் பேனா நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு 'மன்' இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை விரைந்து கடக்க வேண்டியதில்லை.

அடுத்து, நெருக்கம் பற்றி. நன்னூல், மாணவன் ஆசிரியரிடம் நெருப்பில் குளிர்காய்பவனைப் போல, மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்த அடியிலேயே நிழல் போல நீங்காமல் இருக்கவும் சொல்கிறது. இரண்டையும் ஒருசேரச் செய்வது எப்படி என்று வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். நீங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் 'சார்' என்று அழைத்துக்கொண்டே நண்பராக இருந்ததைப் படித்தபோது, அடுத்த முறை சொல்வதற்கு எனக்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது என்று நினைத்தேன். ஆகவே, கட்டுரையிலும் மாணவனையும் நண்பனையும் தனித்தனிப் பத்தியில் உட்கார வைக்காதீர்கள்.

ஆசிரியரின் குறையைச் சொல்லலாமா என்பதற்கு உ.வே. சாமிநாதையர் நல்ல முன்மாதிரி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார்; மாணவர் அவருடைய வரலாற்றை 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆறியும் அன்பு குறையாத எழுத்து அது. வேங்கடராமனாக வந்தவரைச் சாமிநாதன் என்று அழைக்கத் தொடங்கியவர் அந்த ஆசிரியர்தான். நாம் இன்று சொல்லும் பெயரிலேயே அவர் இருக்கிறார். இருந்தும், தம் ஆசிரியருக்கு இசைப் பயிற்சியில் விருப்பமில்லை என்பதையும், அதனால் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் கற்றுவந்த இசையை நிறுத்த நேர்ந்ததையும் ஐயர் மறைக்கவில்லை. குற்றமாகவும் சொல்லவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே இழந்தவர் அவரே. தம் இழப்பைத் தாமே எழுதினார். உங்கள் நிலை அப்படியல்ல.

பதில் 3: வழிப்போக்கர்

மலரைப் படிக்கப்போவது மகள். இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் நல்லதை மட்டும் எழுதுவதில் எந்தப் பொய்யும் இல்லை. மற்றதற்குக் காலம் இருக்கிறது.

பதில் 4: கரும்பலகை முன் நின்றவள்

இங்கே எழுத வேண்டாம் என்று நினைத்து, இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

உங்கள் ஆசிரியரிடம் படித்தவள் அல்ல நான். ஆனால் வேறோர் ஆசிரியர் முன்னால், வேறொரு பாடத்தில், அப்படி நின்றிருக்கிறேன். சுண்ணக்கட்டியை இறுகப் பிடித்ததில் அது விரல்களுக்கிடையே உடைந்தது; குனிந்து எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது இன்றும் நினைவிருக்கிறது. பாடம் என்ன என்பது மறந்துவிட்டது. அவர் இறந்தபோது வந்த மலரை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். எதைத் தேடினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அந்த மாணவரின் இடத்தில் நான் இருந்தால், நீங்கள் மலரில் எழுதுவதை விரும்ப மாட்டேன். பெயரை மறைத்தாலும் சரிதான். 'ஒரு மாணவனை அவமானப்படுத்தினார், பிறகு மனம் வருந்தித் திருந்தினார்' என்று எழுதினால், என் அவமானம் அவருடைய பெருமைக்கு ஒரு படிக்கட்டு ஆகிவிடும். அது நடந்தது எனக்கு. அதைச் சொல்லும் உரிமையை உங்களுக்குத் தர உங்கள் ஆசிரியராலும் முடியாது.

ஆனால், அவர் பெயரைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பல ஆண்டுகள் காத்திருந்திருப்பேன். அது மலரைப் படிக்கும் முந்நூறு பேருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒருவருக்குத் தெரிய வேண்டும். பெயர் உங்களுக்குத் தெரியும்.

மேலே, காரணம் சொல்லாமல் பழக்கத்தை மட்டும் எழுதச் சொன்ன நண்பரோடு எனக்கு உடன்பாடுதான். பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்ட ஆசிரியரை எழுதுங்கள். அதைப் படிக்கும்போது அந்த மாணவருக்கு மட்டும் அது வேறாகப் புரியும்.

பழைய மாணவன்

அனைவருக்கும் நன்றி. கடைசிப் பதிலை எழுதிய அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு வாரமாக அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கேள்வியையே தவறாகக் கேட்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்பதில் ஆசிரியர், அவருடைய மகள், நான் ஆகிய மூவரை மட்டுமே எண்ணிப் பார்த்திருந்தேன். நான்காமவர் ஒருவர் இருக்கிறார் என்பது, அவர் பெயரை அறிந்திருந்தும், எனக்குத் தோன்றவில்லை. அவருடைய முகவரியைப் பழைய மாணவர் ஒருவர் மூலம் பெற்று, நேற்றுக் கடிதம் அனுப்பினேன். ஒரு பக்கம்தான். அவர் சார்பாக மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

மலருக்கான கட்டுரை முடிந்துவிட்டது. 30031-இல் தொடங்கி, பெஞ்சில் முடிகிறது. 'இருந்தார்' என்பது பதினொரு இடங்களில் வருகிறது. மகளுக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை படித்தபோது, மூன்றாம் பக்கத்தில் 'அவர் ஒரு மாபெரும் ஆசிரியர்' என்று எப்படியோ ஒரு வரி நுழைந்திருந்ததைக் கண்டேன். பென்சிலை எடுத்து, அதன் ஓரத்தில் 'எப்படி?' என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.